சிங்கத்தின் வாயில் புகை

அன்புள்ள அக்காவுக்கு,

சகலருக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில், நம் கடைப் பூனை நேற்று மாலை சரியாக நான்கு மணிக்கு மூன்று முறை தும்மியது. உயிர்ச்சேதம் இல்லை. தும்மலுக்குக் காரணம் சாட்சாத் உன் தம்பி.

விஷயம் இதுதான். அம்மாவின் தூபச்சட்டியை அப்பா விற்கப் போகிறார். மூடியில் சிங்கம் உட்கார்ந்திருக்குமே, அந்தச் சீனத்து வெண்கலம். அம்மா போய்ச் சேர்ந்த இந்த எட்டு மாதமாக அதை யாரும் பற்றவைக்கவில்லை. "பழம்பொருள் விக்கிறவன் பொருள் மேல ஆசை வெச்சா கடையை மூடணும்டா" என்று அப்பா எனக்குச் சொல்வதுபோல் தனக்கே சொல்லிக்கொள்கிறார்.

நான் விடுவேனா? முதலில் ஒரு பல் டாக்டர் வந்தார். சட்டியைத் தூக்கி அடியிலிருந்த முத்திரையை லென்ஸில் பார்க்கும்போதே சிங்கத்தின் வாயிலிருந்து புகை! பல் பிடுங்குகிறவருக்கே பல் தந்தியடித்தது. குடையை விட்டுவிட்டு ஓடினார். நல்ல குடை, நான்தான் வைத்திருக்கிறேன். அடுத்து ஒரு தம்பதி. அகில் வாசனை வந்ததுமே அந்தம்மா, "என்னங்க, நமக்கு இது வேணாங்க" என்று இழுத்துக்கொண்டு போனார். இரண்டும் நான்கு மணிக்கு, அம்மா தூபம் போடும் நேரத்தில். "உன் சேட்டைதானே?" என்று அப்பா காதைத் திருகினார். பெருமையாகத் தலையாட்டினேன்.

நேற்று வந்த கப்பல் கேப்டன்தான் மசியவில்லை. புகையைப் பார்த்து, "பேயா? அதையும் சேர்த்தே கட்டிக் குடுங்க" என்று சிரித்தார். சனிக்கிழமை எடுத்துப்போக வருகிறார். பாலிஷ் போடக்கூடாதாம், அந்தக் கறுப்புதான் அதன் வயதாம். உள்ளே இருக்கும் சாம்பலை மட்டும் கொட்டிவிட வேண்டுமாம். அப்பா அந்த வேலையை என்னிடம் சொன்னார். "கொட்டியாச்சுப்பா" என்றேன்.

இனி வருவதை யாருக்கும் படித்துக் காட்டாதே. தீப்பெட்டி வாங்கியது நிஜம். அது இன்னும் பிரிக்காமல் என் பையில் இருக்கிறது. அம்மாவின் அகில் டப்பா எப்போதோ காலி. மூன்று முறையும் நான் எதையும் பற்றவைக்கவில்லை அக்கா. பல் டாக்டர் ஓடியபோது அவருக்கு முன்னால் வாசலைத் தாண்டியது நான்தான்.

சாம்பலையும் கொட்டவில்லை. விரல் வைத்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. மூடிவிட்டேன்.

சனிக்கிழமைக்குள் வந்துவிடு. நீ சொன்னால் அப்பா கேட்பார். சட்டி இருக்கும் அறையில் தனியாக நிற்கப் பயமாக இருக்கிறது. ஆனாலும் தினமும் மூன்றே முக்காலுக்கே போய் நின்றுவிடுகிறேன்.

பேய் உத்தியோகத்தை ராஜினாமா செய்துவிட்ட,
உன் தம்பி