மாதாவுக்குப் போட்ட இலை

1943 மார்ச் 8, திங்கள்

பரீட்சைத் தாள் நாற்பத்திரண்டு திருத்தியாயிற்று. நாலாம் வகுப்புப் பெண்களுக்கு இன்னும் கழித்தல் வரவில்லை. எனக்குப் பொறுமை வரவில்லை.

காலையில் சவேரியம்மாள் ஒன்று கேட்டாள். பின்சந்து வழியாக வந்து எங்கள் கக்கூஸை எடுத்துச் சுத்தம் செய்கிறவள். பத்து வருஷமாக வருகிறாள். அவளுடைய மகள் லூர்துமேரிக்கு டைபாய்டாம். நாலு வயசுக் குழந்தை.

"டீச்சரம்மா, இந்த வருசம் மாதா எலயில நான் குந்தட்டுமா? வேண்டிக்கினு துன்னுட்டுப் போறேன்" என்றாள்.

சூசையப்பர் திருநாள் பத்தொன்பதாம் தேதி. என் வீட்டுக்காரருக்கும் நாலு வயதில் டைபாய்டு வந்தது. பிழைத்ததற்கு அத்தை நேர்ந்துகொண்டது இது: வருஷாவருஷம் அன்று மூன்று ஏழைகளை அழைத்து, சூசையப்பர், தேவமாதா, குழந்தை சேசு என்று உட்கார வைத்து, காலைக் கழுவி முத்தமிட்டு, இலை போட வேண்டும். அவர்கள் எழுந்த பிறகுதான் நாங்கள் சாப்பிடலாம். அத்தை போனபின் அது என் தலையில். ஊருக்கெல்லாம் தெரிந்த கதை, சவேரியம்மாளுக்குத் தெரியாதா?

அப்புறம் சொல்கிறேன் என்று உள்ளே வந்துவிட்டேன்.

மார்ச் 9

இவரிடம் சொன்னேன். "உன் இஷ்டம் ஃப்ளோரா, பார்த்துச் செய்" என்று பேப்பரைப் பிரித்துக்கொண்டார். ராஜநாயகம் துரைக்கு எல்லாமே என் இஷ்டம்தான்.

கூடத்துக்குள் அவளா? அந்தக் காலில் நான் வாய் வைப்பதா? எழுதவே கை கூசுகிறது. எதனால் கூசுகிறது என்பதுதான் கேள்வி.

மார்ச் 10, விபூதிப் புதன்

பூசை முடிந்து நெற்றியில் சாம்பலோடு வந்தேன். பின்வாசலில் நின்றிருந்தாள். இந்த வருஷம் விருந்து கிடையாது, பர்மா அரிசி வருவது நின்றுபோன பிறகு எங்கே போவது என்று சொல்லிவிட்டேன். சரளமாக வந்தது பொய். "ஆமாம்மா, அரிசி எங்க கீது" என்று எனக்குச் சமாதானம் சொல்லிவிட்டுப் போனாள்.

கச்சேரி ரோடு கிளாடிஸிடம் நேற்றே சொல்லி அனுப்பியாயிற்று. விதவை, தையல்காரி, அவள்தான் மாதா. துவைத்த சேலையில் வருவாள், குனிந்த தலை நிமிராமல் சாப்பிடுவாள். அவளுடைய சின்னப் பெண் சேசு பாலன். சுத்தமான ஏழைகளாகப் பார்த்து எடுத்து வைத்திருக்கிறேன். அத்தையும் அப்படித்தான் செய்தாள், நான் என்ன புதிதாகவா செய்கிறேன்?

மார்ச் 19, வெள்ளி

இதை எழுத இஷ்டமில்லை. இருந்தாலும் எழுதிவிட வேண்டும்.

விருந்து பன்னிரண்டு மணிக்கு. சவேரியம்மாள் ஆறு மணிக்கே வந்து போய்விடுவாள், அதையும் கணக்குப் போட்டுத்தான் வைத்திருந்தேன். இன்று காலையில் அவள் வரவில்லை. அதைக்கூட நான் கவனிக்கவில்லை, மீன் குழம்புக் கவலை எனக்கு.

அடுப்புப் புகை போகட்டும் என்று பின்கதவு திறந்து கிடந்தது. சூசையப்பராக உட்கார்ந்த பெரியவர் காலைக் கழுவினேன், கிளாடிஸ் காலைக் கழுவினேன். குனிந்து முத்தமிட்டு நிமிர்கிறேன். பின்வாசலில் சவேரியம்மாள், கையில் வாளியோடு.

மூன்று இலையையும் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தன் வேலையை முடித்துவிட்டு, "தண்ணி ஊத்துங்க டீச்சரம்மா" என்றாள். தினமும் சொல்கிற அதே வார்த்தை, அதே குரல். அவள் கை கழுவ நாங்கள்தான் மேலிருந்து தண்ணீர் ஊற்ற வேண்டும்.

கால் கழுவிய பித்தளைச் செம்பு என் கையில் இருந்தது. அதில் தண்ணீரும் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு, அவளுக்கென்று வைத்திருக்கிற தகரக் குவளையைத் தேடிப் போனேன்.

தேடிப் போனேன்! அந்த நேரத்திலும்.

மார்ச் 20

மிச்சமிருந்த மீன் குழம்பைக் கொட்டிவிட்டேன்.

மார்ச் 22, திங்கள்

வேறொருத்தி வந்தாள். சவேரியம்மாள் குழந்தைக்கு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் ஜன்னி கண்டதாம். அதனால்தான் அன்று நேரமானது. அந்த நிலையிலும் வேலைக்கு வந்திருக்கிறாள் பாவி, வந்து என் லட்சணத்தைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள்.

ஞானோபதேச வகுப்பு. சர்வேசுரன் நம்மை நேசிக்கிறது போல நாமும் பிறரை நேசிக்க வேண்டும் என்று பாடம். வாயாடி ஒருத்தி எல்லா வகுப்பிலும் இருப்பாள் போலிருக்கிறது. இங்கே டோரதி. "அவர் யாரையெல்லாம் டீச்சர் நேசிக்கிறார்?" என்றாள். எல்லாரையும் என்றேன். "அப்ப நாமளும் எல்லாரையுமா?" ஆமாம் என்று சொல்லிவிட்டுக் கரும்பலகையைத் துடைக்கப் போனேன். பலகையில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை.

மார்ச் 25

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொய்யையும் குவளையையும்கூட. பேப்பரை மடித்து வைத்தார்.

"அம்மா நேர்ந்துக்கிட்டது என் காய்ச்சலுக்கு. அவ கேட்டது அவ குழந்தை காய்ச்சலுக்கு. உன் இஷ்டம்னு சொன்னேனே, எனக்கும் அது தோணலையே ஃப்ளோரா."

நான் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். திட்டியிருக்கலாம்.

மார்ச் 28, ஞாயிறு

பார்லி, குளுக்கோஸ், இரண்டு சாத்துக்குடி எடுத்துக்கொண்டு கால்வாய் ஓரத்துக்குப் போனேன். பத்து வருஷத்தில் முதல் தடவை. சவேரியம்மாள் குடிசை எது என்று நாலு பேரைக் கேட்க வேண்டியிருந்தது.

குழந்தைக்கு நேற்று ஜுரம் இறங்கிவிட்டது. இருபத்தெட்டாம் நாள். எலும்பும் தோலுமாகப் பாயில் கிடந்து என்னைப் பார்த்தது.

"அன்னைக்கு நான் பொய் சொன்னேன், சவேரியம்மா" என்று ஆரம்பித்தேன். மேலே வரவில்லை.

"தெரியும்மா. எனக்கு வயிறு எரிஞ்சுது. இல்லன்னு சொல்ல மாட்டேன்" என்றாள். அப்புறம், "இப்ப நானே நேந்துக்கினேன். மூணு பேருக்குக் கஞ்சி. பக்கத்து வூட்டுக் கெழவரு கீறாரு, அவரு பேரக் கொழந்த கீது. ஊத்தறவ நானு, அதனால நான் குந்தக் கூடாது. மாதாவுக்குத்தான் ஆளில்ல. நீங்க குந்தறீங்களா?"

பழிவாங்குகிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை. நிஜமாகவே ஆளில்லை.

உட்கார்ந்தேன். என் காலைக் கழுவினாள். முத்தமிட்டாள். நான் தேடிப் பிடிக்கிற ஏழை இன்று நான்தான். கேழ்வரகுக் கஞ்சி, சுட்ட கருவாடு. முழுசும் சாப்பிட்டேன். அழுதேன். மனசு லேசாகி, ஏதோ சாதித்தவள் மாதிரி வீட்டுக்கு நடந்தேன்.

வீட்டுக்கு வந்தவள் நேரே கிணற்றடிக்குப் போய், தலையோடு இரண்டு வாளி ஊற்றிக்கொண்டேன். மூன்றாவது வாளியை இழுக்கும்போதுதான் என்ன செய்கிறேன் என்று உறைத்தது. யாரும் சொல்லவில்லை, நானும் நினைக்கவில்லை. உடம்பு தானாகப் போய் நின்றது.

ஈரத் தலையோடு எழுதுகிறேன். த்தூ.

மார்ச் 29

இந்த வேளையில் என்ன குளியல் என்று இவர் நேற்றுக் கேட்டார். வெயில் என்றேன். இன்னொரு பொய்.

ஏப்ரல் 24, பெரிய சனி

சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோது அந்தப் பொய்யைச் சொன்னேன், குவளையைச் சொன்னேன். குளித்ததைச் சொல்ல வாய் வரவில்லை. எழுந்து வந்து, திரும்பவும் வரிசையில் நின்று சொன்னேன். பின்னால் நின்றவர்கள் முறைத்தார்கள்.

ஏப்ரல் 30

தகரக் குவளையைப் பழைய சாமான்காரனிடம் போட்டேன். இதை எழுதிப் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

1944 மார்ச் 20, திங்கள்

நேற்று தவக்கால ஞாயிறு, ஆகையால் திருநாள் இன்றைக்கு.

ஒரு மாதம் முன்பே பின்சந்தில் இறங்கி நின்று கேட்டேன். "பாக்கலாம்" என்றாள். மூன்று தடவை கேட்க வைத்தாள். கேட்டேன். நான் ஒரு தடவை சொன்ன பொய்க்கு மூன்று குறைவுதான்.

முன்வாசல் வழியாக வந்தாள், லூர்துமேரியைக் கையில் பிடித்துக்கொண்டு. கிளாடிஸ் இந்த வருஷம் என்னோடு பரிமாறினாள். சவேரியம்மாளின் காலில் வெடிப்பு வெடிப்பாகப் புண். அந்தக் கால் பதினோரு வருஷமாக என் வீட்டுக்கு வருகிறது, இன்றுதான் பார்க்கிறேன். கழுவினேன். முத்தமிட்டேன். லூர்துமேரி பாயசம் இரண்டு தடவை வாங்கிக்கொண்டாள்.

சாப்பிட்டு எழுந்து முற்றத்துக்கு வந்து கையை நீட்டினாள். "தண்ணி ஊத்துங்க டீச்சரம்மா" என்றாள்.

பித்தளைச் செம்பிலிருந்து ஊற்றினேன்.

நாளைக் காலையில் அவள் பின்சந்து வழியாகத்தான் வருவாள், அதே வாளியோடு. அது மாறவில்லை. அதற்கு நான் என்ன செய்தேன்?

அவர்கள் போன பிறகு கிணற்றடிப் பக்கம் போகவில்லை. ஞாபகமே வரவில்லை என்று எழுத ஆசைதான். ஞாபகம் வந்தது. சாயங்காலம் வரைக்கும் வந்துகொண்டே இருந்தது.

குளிக்கவில்லை.