சுரண்டிப்போட்ட ஓடு

ஐப்பசி 14, செவ்வாய் இரவு

சாயங்காலம் அக்கா வந்தாள். எண்ணூர் ஆற்றில் சேற்றைத் துழாவிக் கையாலேயே இறால் பிடிக்கிறவள். இன்று அவள் பறிக்கூடையின் அடியில் நாலைந்து இறால்தான் கிடந்தது. பத்து விரலிலும் கீறல்.

"சேறே இல்லடா. கைய வுட்டா ஓடுதான் கீது, எல்லாம் காக்கா ஆழி. இறாலு எங்க பூந்துக்கும்?"

ஒரு கொத்தை எடுத்து என் முன்னால் போட்டாள். கறுப்பாக, நகம் அளவு சிப்பிகள்.

"நீதான் கப்பலுக்கு அடில முங்குறவனாச்சே. இது எங்கேர்ந்து வந்துச்சு?"

"தெர்லக்கா" என்றேன்.

பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆறேழு வருடம் முன்பு, முகத்துவாரத்தில் நின்ற வெளிநாட்டுத் தூர்வாரும் கப்பலின் அடியை மூன்று நாள் சுரண்டினோம். அடியெல்லாம் இதே ஓடுதான் அப்பிக் கிடந்தது. சுரண்டியதைக் கரையேற்றும்படி யாரும் சொல்லவில்லை. செத்துவிடும் என்று தண்ணீரிலேயே விட்டேன். ஆற்றுக்குள் இது வந்தது அந்தக் கப்பலால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

கிளம்பும்போது, "நீ கப்பல் சுரண்டுற கத்திய குட்றா. கொஞ்சம் எடமாச்சும் சுரண்டிப் பாக்குறேன்" என்றாள்.

எடுத்துக் கொடுத்தேன். "சுரண்டினத தண்ணில வுடாதக்கா, கரையேத்திடு" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அக்கா என்னையே பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள். கேட்டிருக்கலாம்.