கரும்புத் தராசில் ஏறியவள்

1966 ஜூலை 10, ஞாயிறு. ரோஸ் பெல்.

விடியற்காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. முழங்கால் வலி, பருப்பு ஊறப் போட்டதோடு சரி.

மத்தியானம் கரும்புத் தராசில் என்னை எடை போட்டாயிற்று. எழுதவே கூசுகிறது. ஆனால் இந்த வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் காரைக்காலிலிருந்து கப்பலேறி இந்தத் தீவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நான் ஒருத்திதான். இந்த நோட்டுக்குப் பூட்டே வேண்டாம்.

போன வாரம் ஆஸ்பத்திரித் தராசில் ஏறினேன். முள் கடைசி எண் வரைக்கும் ஓடி அங்கேயே நின்றுவிட்டது. டாக்டருக்கு எடை தெரிந்தாக வேண்டுமாம். இவருக்கு உத்தியோகமே கரும்பு வண்டிகளை எடை போடுவது. ஞாயிற்றுக்கிழமை ஈ காக்கை இருக்காது என்று கூட்டிப் போனார். மாட்டை அவிழ்த்துவிட்டு வெறும் வண்டி ஒரு தரம், நான் உட்கார்ந்து ஒரு தரம். கழித்தால் நூற்று நாற்பது கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.

"நல்ல கரும்பு" என்றார். கையில் ஏதாவது கிடைத்திருந்தால் எறிந்திருப்பேன். பிறகு நானும் சிரித்துவிட்டேன்.

ஜூலை 11

வெயில். அப்பாடா.

காலையில் இவர் காப்பியோடு வந்து கட்டிலருகே நின்று, "எழுந்தருளு." தினமும் இதுதான். வீட்டில் எல்லாரும் பேசுவது கிரியோல். இவர் தமிழ் மொத்தமும் கோயிலில் காதால் கேட்டது. சாமி புறப்பாட்டில் சொல்கிற வார்த்தை பெண்டாட்டியை எழுப்பவும் ஆகும் என்று நினைத்துவிட்டார். சோறு போதுமா என்றால் "போற்றி" என்பார். வந்த புதிதில் விழுந்து விழுந்து சிரித்தேன். திருத்தவில்லை. இந்த உடம்பைப் பார்த்து எழுந்தருளு என்று சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்?

ஆகஸ்ட் 3

பஸ்ஸில் பின்சீட்டுக்காரி: "இந்த அம்மாவுக்கு ரெண்டு டிக்கெட் வாங்கணும்." கிரியோல் எனக்குப் புரியாது என்ற நினைப்பு. திட்டெல்லாம் நன்றாகவே புரியும்.

டாக்டர் சின்ன வயசு, படித்துவிட்டு இப்போதுதான் கப்பலில் திரும்பியவர். காகிதத்தில் குடலை வரைந்து காட்டினார். வெட்டி எறிய மாட்டாராம், குறுக்கு வழி போட்டுத் தைப்பாராம். "ரயில் எல்லா ஸ்டேஷனிலும் நின்று சாமான் ஏற்றுது மதாம். இனிமேல் நடுவில் நிற்காது." இந்த ஊரில் ரயிலையே நிறுத்திவிட்டார்கள், அது நல்ல சகுனமா என்று தெரியவில்லை. செய்யாவிட்டால் இருதயம் ரொம்ப நாள் தாங்காது என்றார். செய்தாலும் உறுதி சொல்ல முடியாதாம்.

பயம்: மயக்க மருந்து. விழிக்காமல் போவது. விழித்தால் பசி. இவருக்கு ரசம் வைக்கக்கூடத் தெரியாது.

நாத்தனார் தேவி தலையில் கை வைத்துக்கொண்டாள், கிரியோலில் கடவுளைக் கூப்பிட்டபடி. "ஐயோ பொந்தியே! சாமி குடுத்த குடல்ல கத்தி வைக்கிறதா?" அவளுக்கு என்ன. கோயில் படியேற முடியாமல் கீழேயே நின்று கும்பிட்டுத் திரும்புகிறவள் நான். நாற்பதுகூட ஆகவில்லை. சாகப் பயம்தான். இப்படியே கிடப்பது அதைவிடப் பயம்.

ஆகஸ்ட் 20, ஆஸ்பத்திரி

படுத்தபடி எழுதுகிறேன், கோணல் எழுத்து.

உயிரோடு இருக்கிறேன். கண் திறந்தபோது வெள்ளைச் சுவர், எங்கோ வாளி உருளும் சத்தம், இவர் முகம். "எழுந்தருளு" என்றார் மெதுவாக. எழ முடியவில்லை. கண்ணீர்தான் வந்தது.

நர்ஸ் சொலாஞ்ச் மணிக்கொரு தரம் வந்து, "காஸ் வந்துச்சா மதாம்?" வீட்டு அடுப்பைத்தான் கேட்கிறாள் என்று, "எங்க வீட்டில் காஸ் இல்லை, மண்ணெண்ணெய்தான்" என்றேன் எனக்குத் தெரிந்த கிரியோலில். கட்டிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வயிற்றுக் காற்றைக் கேட்டிருக்கிறாள்! அது பிரிந்தால்தான் கஞ்சித் தண்ணீர் கொடுப்பார்களாம். சிரித்தால் தையல் இழுக்கிறது. சாயந்திரம் வந்தது. வார்டு முழுக்க அறிவித்துவிட்டாள்.

செப்டம்பர் 25, வீடு

காற்று பலம். கொல்லைப்புறத்துக்கு எத்தனை தரம் ஓடினேன் என்று கணக்கில்லை. எது தின்றாலும் நிற்பதில்லை, டாக்டர் சொன்ன ரயில் சொன்னபடி ஓடுகிறது. ரவிக்கை தொளதொள. மோதிரம் சோப்போடு கழன்றுவிட்டது.

தெருவில் எல்லாரும், "என்ன, காரேம் இருக்கியா?" விரதத்துக்கு இங்கே அந்தப் பெயர். ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன்.

ஒன்று. இவர் இப்போது காலையில் "லேவே" என்கிறார். கிரியோலில் எழுந்திரு, அவ்வளவுதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் இப்படித்தான். நான் கேட்கவில்லை. கேட்பதற்கு இதெல்லாம் ஒரு விஷயமா?

நவம்பர் 13

தேவி உளறிவிட்டாள். எனக்கு ஆபரேஷன் நடந்த அன்று இவர் கோயிலில் வேண்டிக்கொண்டாராம்: பெண்டாட்டி பிழைத்து வந்தால் எடைக்கு எடை சர்க்கரை. துலாபாரம் சொல்லிக் கொடுத்தது பூசாரி, தஞ்சாவூர்க்காரர். தைப்பூசம் முடிந்து செலுத்துவதாகப் பேச்சு.

"எந்த எடைக்கு? பழசா, புதுசா?" என்று தேவிக்கு ஒரே சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. எனக்காக இப்படி வேண்டிக்கொள்ள ஓர் ஆள் இருக்கிறாரே என்று உள்ளே போய் அழுதேன்.

1967 ஜனவரி 8

புழுக்கம். புயல் வருமோ என்று பேச்சு. ஜன்னலுக்குப் பலகை அடித்தார்.

பூசாரி வந்திருந்தார். ஏறுகிற அன்று என்ன எடையோ அதுதான் துலாபாரம் என்றார். இவர் கேட்கவில்லை. அரைத் தமிழில் பிடிவாதம்: "இல்ல ஐயா. நான் சாமிகிட்ட கேட்டது அந்த ஆளை. அந்த எடைதான்."

அந்த ஆள்! அப்படியானால் இது யார்? காப்பி டம்ளரை டக்கென்று வைத்துவிட்டு எழுந்து போனேன். கண்ணாடியில் பார்த்தேன். கன்னம் ஒட்டி, கழுத்துச் சதை தொங்கி, எனக்கே அடையாளம் தெரியவில்லை. குண்டாயிருந்தவளோடுதான் குடித்தனம் நடத்தினாரோ? அவளுக்குத்தான் எழுந்தருளு, எனக்கு லேவே. முகம் கொடுத்துப் பேசப் போவதில்லை.

ஜனவரி 19

இன்னும் பேசவில்லை. ரசம் மட்டும் வைத்தேன். "போற்றி" என்றார். கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போனேன்.

பிப்ரவரி 5, ஞாயிறு

கோயில். படிகளை நானே ஏறினேன், கைப்பிடிச் சுவரைப் பிடிக்காமல். மேலே நின்று மூச்சு வாங்காமல் ஊரைப் பார்த்தேன்.

மண்டப உத்தரத்தில் துலாக்கோல் கட்டி, இரு முனையிலும் கயிற்றில் பலகை. ஒன்றில் சர்க்கரை மூட்டைகள், பழைய எடைக்கு, கரும்புத் தராசில் நிறுத்துக் கொண்டுவந்தவை. இன்னொன்றில் நான். மூட்டைப் பலகை தரையோடு தரை. நான் அந்தரத்தில், கால் ஆடுகிறது. பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். என் ஆயுசில் கனம் போதவில்லை என்று யாரும் சிரித்ததில்லை.

பூசாரி: "சமமாகணும்பா. ஒரு மூட்டையை இறக்கு."

"இறக்கமாட்டேன்" என்றார் இவர். செருப்பில்லாத காலை உரசித் துடைத்துக்கொண்டு, என் பலகையை இழுத்துப் பிடித்து, என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டார். இவர் ஒல்லி. நான் இளைத்ததும் இவர் கனமும் ஏறக்குறைய ஒன்று போலிருக்கிறது. பலகை இறங்கியது, மூட்டைகள் மெதுவாக எழும்பின. தேவி "அரோகரா" என்று கத்தினாள், எல்லாரும் கூடக் கத்தினார்கள்.

அந்தச் சத்தத்தில் கேட்டுவிட்டேன். "இந்த ஆள் வேணாமா உங்களுக்கு?"

விழித்தார், கிரியோலும் தமிழும் கலந்து சொன்னார். "ஏன்? போன கனமும் உன்னோடதுதானே. அதுவும் பத்து வருஷம் என்கூட இருந்துச்சு. அதுக்கும் சேத்துத்தான் சாமிக்குக் குடுக்கணும்."

"அப்போ லேவே?"

கயிற்றைப் பிடித்துக்கொண்டார். பலகை ஆடிக்கொண்டிருந்தது. "நீ ஆஸ்பத்திரியில இருந்தப்போ பூசாரி சொன்னார், அந்த வார்த்தை சாமிக்கு மட்டும். மனுசிக்குச் சொல்லக் கூடாதுன்னு. எனக்குப் பயம். வேண்டுதல் முடியிறதுக்குள்ள சாமி கோவிச்சு உன்னை எடுத்துட்டா?"

தெய்வமே. இத்தனை நாள் இதற்கா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

வாழையிலையில் சாப்பாடு. எல்லாக் கறியிலும் ஒரு விரல் நுனியளவு ருசி பார்த்தேன். போதும்.

பிப்ரவரி 6

மழை. இரவு கொல்லைக்கு இரண்டு தரம். அசதி, விடிந்தது தெரியாமல் தூங்கிவிட்டேன். அரிசி களையவில்லை, இவருக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது.

கட்டிலருகே காப்பி வாசம். கண்ணைத் திறக்காமல் காத்திருந்தேன். தொண்டையைக் கனைத்தார். ஜன்னல் பக்கம், யாராவது கேட்கிறார்களா என்று பார்த்திருப்பார். அப்புறம், ரொம்ப மெதுவாக, "எழுந்தருளு."

எழுந்தேன்.