வந்தனாவின் ரத்த ரிப்போர்ட்

ஜூன் 7, 2025, சனி

அடிக்கடி இழுப்பு வருகிறதே என்று எடுத்த, மகள் வந்தனாவின் ரத்த ரிப்போர்ட் வந்தது. அலர்ஜிக்கான ஐஜிஇ ஆயிரத்து நூற்றெண்பது. எட்டு வயசுப் பிள்ளைக்கு நூறைச் சுற்றித்தான் இருக்க வேண்டுமாம். கரப்பான், வீட்டுத் தூசி இரண்டுக்கும் நேரே 'அதிகம்'. தோல் என்று ஒரு வரி இல்லை. அதெப்படி? இவர் பெல்ட் பட்டறையிலிருந்து வந்தாலே வீடு முழுக்கத் தோல் வாடைதானே!

ஜூன் 9, திங்கள்

வாய் சும்மா இருக்கவில்லை. "உங்க தோல் வாடைதான் பிள்ளைக்கு எமன்" என்றேன். இவர், "நான் பட்டறையிலயே படுத்துக்கிடுதேன். பிள்ளை மூச்சு விட்டாப் போதும்" என்று பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். "பப்பா கிதர் கயா?" என்று, அப்பா எங்கே போனார் என்று, பள்ளிக்கூட இந்தியில் வந்தனா நச்சரிக்கிறாள்.

ஜூன் 13, வெள்ளி

கரப்பானுக்கு மருந்து வைத்தாயிற்று. தலையணை உறையெல்லாம் வெந்நீரில் அலசியாயிற்று. வந்தனாவுக்குத் தலைக்கு ஊற்றி, வழக்கம்போல் சாம்பிராணி காட்டி முடியைக் காயவைத்தேன். சாயங்காலமே இழுப்பு. அவர்தான் வீட்டிலேயே இல்லையே?

ஜூன் 20, வெள்ளி

மறுபடி இழுப்பு. இப்போ யாரைத் திட்ட?

ஜூன் 23, திங்கள்

இழுப்பு வந்தது எந்தெந்த நாள் என்று டாக்டர் ஃபர்ஸானா கேட்டார். இந்த நோட்டைப் பார்த்துச் சொன்னேன். வெள்ளி. அதற்கு முந்தினதும் வெள்ளி.

"வெள்ளிக்கிழமை வீட்டில் என்ன விசேஷம்?"

கூடையைக் கவிழ்த்து, மேலே முடியை விரித்து, அடியில் சாம்பிராணி போடுவதைச் சொன்னேன். பெருமையாக வேறு சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ரத்தத்தில் தெரிவது கரப்பானும் தூசியும்தானாம். புகை அதில் வராதாம், நேராகப் போய் மூச்சுக்குழாயைப் பிடிக்குமாம்.

ஐயோ, பாவி நான். என் கையாலேயே... வாராவாரம்.

ஜூன் 27, வெள்ளி

ஃபேன் காற்றில் முடி காய்ந்தது. இழுப்பு இல்லை.

ஜூலை 4, வெள்ளி

இன்றும் இல்லை. அவரைக் கூப்பிட வேண்டும். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கூப்பிட?

ஜூலை 6, ஞாயிறு

பட்டறைக்கே போனேன். "நான் போட்ட சாம்பிராணிதான். உங்க மேல தப்பே இல்ல. தெரியாம பேசிட்டேன்."

அவர் கேட்டது ஒன்றுதான். "பிள்ளை நல்லா தூங்குதாளா?"

சாயங்காலம் வந்தார். பொதுக் குழாயிலேயே சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு வாசலில் நின்றார்.

"உள்ள வரட்டா?"

சொந்த வீட்டுக்கு. என்னிடம் கேட்கிறார். நான் நகர்ந்து வழி விடுவதற்குள் வந்தனா அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.