அது வாயு இல்லை, அத்தான்

அடையாறு,
11.3.1975

அன்புள்ள அத்தானுக்கு ஜெயபாரதி எழுதிக்கொள்வது. நானும் புஷ்பமும் சுகம். உங்கள் சுகம்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

உங்கள் மகள் முழுப்பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். அத்தை கோவில்பட்டியிலிருந்து வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனார்கள். இந்தக் கடிதத்தில் உள்ளதை அவர்களிடம் சொல்லவில்லை.

பஹ்ரைன் துறைமுகத்தில் உங்களோடு வேலை செய்யும் வலியுல்லா, டிசம்பரில் விடுமுறைக்குச் சைதாப்பேட்டை வந்தபோது நீங்கள் கொடுத்தனுப்பிய பேரீச்சம்பழத்தைக் கொண்டுவந்தார். காபி குடித்துவிட்டுப் புறப்பட்டவர், வாசலில் செருப்பை மாட்டாமல் நின்றார். "அண்ணி, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. அண்ணன் கிரேன் ஏணியில பாதி ஏறச்சொல்லோ நின்னுர்றாரு. நெஞ்சைப் புடிச்சிக்கினு மூச்சு வாங்குறாரு. கேட்டா வாயுன்றாரு" என்றார்.

ஆஸ்பத்திரி லேபில் நான் என்ன செய்கிறேன் என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. இறந்தவர்களின் உறுப்புகளை மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் ஒட்டுகிறேன். வலியுல்லா வந்துபோன வாரத்தில் ஒரு பஸ் கண்டக்டரின் இருதய ரத்தக்குழாய் வந்தது. வயது நாற்பத்தொன்று, உங்கள் வயது. அவரும் வாயு என்று சோடா குடித்துக்கொண்டிருந்தாராம். குழாயில் ஓர் ஊசி நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது.

எங்கள் டாக்டர் சரோஜாதேவி அம்மாவிடம், இது வெறும் கொழுப்பு அடைப்புதானே என்று கேட்டேன். மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார்கள். "இது அடைப்பு மட்டும் இல்லம்மா, ஆறாத புண்" என்றார்கள். சிகரெட் புகை குழாயின் உள்தோலைக் காயப்படுத்துகிறதாம். அங்கே புகுந்த கொழுப்பு, திறந்துவைத்த எண்ணெய் காறிப்போவதுபோல் கெட்டுப்போகிறது என்று சிலர் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்களாம். அதைத் தின்று தீர்க்க வரும் ரத்த வெள்ளை அணுக்கள், தின்று வீங்கி அங்கேயே சாகின்றன. வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே புண் வளர்கிறது. நீங்கள் ஒரு நாளைக்கு ஊதும் இரண்டு பாக்கெட்தான் என் கண்ணில் நின்றது.

உங்களுக்கு இரண்டு தடவை எழுதிக் கேட்டேன். இரண்டு பதிலிலும் புஷ்பத்தின் படிப்பை மட்டும் விசாரித்திருந்தீர்கள். அதனால் டாக்டர் அம்மாவை இங்கிலீஷில் எழுதித் தரச் சொல்லி, கையெழுத்தை நான் போட்டு, உங்கள் கம்பெனி இன்ஜினீயருக்கு அனுப்பினேன். இவரை ஏணியில் ஏற்றாதீர்கள், இருதயத்தைப் பரிசோதியுங்கள் என்று. வலியுல்லாவின் மேல் வருத்தப்படாதீர்கள். உங்களைக் காட்டிக்கொடுத்தது நான்தான்.

நேற்று உங்கள் கம்பெனியிலிருந்து தந்தி வந்தது. இ.சி.ஜி.யில் கோளாறு தெரிகிறதாம். வேலையை நிறுத்தி, இருபத்தெட்டாம் தேதி உங்களை ஊருக்கு அனுப்புகிறார்களாம். எத்தனை பேரிடம் அலைந்து வாங்கிய வேலை என்று எனக்குத் தெரியும். அசோக் நகரில் வீடு எழுப்பாமல் திரும்பமாட்டேன் என்று நீங்கள் சொல்லிவிட்டுப் போனதும் தெரியும். ஆனாலும் தந்தியைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். உயிரோடு இருக்கிறீர்கள். அப்புறம்தான் பயம் வந்தது, இன்னும் போகவில்லை.

பம்பாயில் இறங்கியதும் பெட்டியை நீங்கள் தூக்காதீர்கள், கூலி வைத்துக்கொள்ளுங்கள். ரயிலில் மெத்தனமாக இருந்து சிகரெட்டைத் தொட்டுவிடாதீர்கள். வலி வந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சென்ட்ரலுக்கு நானும் புஷ்பமும் வருகிறோம்.

பிளாட்பாரத்தில் நீங்கள் என்னோடு பேசாவிட்டால் பரவாயில்லை. வீட்டுக்கு வந்தும் பேச வேண்டாம். எத்தனை வருஷம் வேண்டுமானாலும் கோபமாக இருங்கள். அத்தனை வருஷமும் என் கண்முன்னால் இருங்கள்.

உங்கள்
ஜெயபாரதி