வீங்காத கை

2024 பெப்ரவரி 6

காலையில் விரல்கள் மடங்க ஒரு மணி நேரம் ஆனது. சுடுதண்ணீரில் கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முன்னறையில் ஜனார்த்தனன் தொடர்ந்து தும்மிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பூனை மறுபடியும் எங்கள் கதிரையில் படுத்திருக்க வேண்டும்.

"புருஷன் பொஞ்சாதி ரெண்டு பேருக்கும் ஒரே வியாதிதான் போல" என்று சிரித்தார்.

ஒருவகையில் சரிதான். நோயை எதிர்க்க உடம்பில் இருக்கும் உதவி டி கலம் தானாக எதையும் கொல்லாது. எதைத் தாக்க வேண்டும் என்று மற்றக் கலங்களுக்குச் சொல்லும், அவ்வளவுதான். அவருடையது பூனை முடியைக் கண்டு கூச்சல் போடுகிறது. என்னுடையது என் மூட்டுகளைக் கண்டு. ஆய்வுகூடத்தில் பத்து வருடம் இரத்தமும் சளியும் சோதித்தவளுக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்து என்ன?

பெப்ரவரி 13

கிளினிக். அவரும் அம்மாவும் கூட வந்தார்கள். மாத்திரை மட்டும் போதாது, ஊசி தொடங்கலாம் என்றார் டாக்டர். மூட்டில் அழற்சியைக் கிளப்பும் சமிக்ஞை ஒன்றை அது அடைத்துவிடுமாம்.

"வீட்டில் யாருக்காவது எப்போதாவது காசநோய் இருந்ததா?"

சிங்களத்தில்தான் கேட்டார். அம்மாவுக்குச் சிங்களம் நன்றாகவே தெரியும். நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். சுவர் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று சொன்னேன்.

பெப்ரவரி 16

காசநோய் சோதனைக்குக் கையில் ஊசி போட்ட இடம் வீங்கவில்லை. எக்ஸ்ரேயும் சுத்தம். ஆனாலும் இரண்டு வருடம் ஸ்டெராய்ட் விழுங்கியவளின் கலங்கள் உறங்கிக்கொண்டும் இருக்கலாம், கை வீங்காததை மட்டும் நம்ப முடியாது என்றார் டாக்டர். அதனால்தான் குடும்பத்தைப் பற்றிக் கேட்டாராம். இருந்தது என்றால் முதலில் அதற்கு மருந்து தந்துவிட்டுத்தான் ஊசியாம்.

நான் மறுபடியும் இல்லை என்றேன்.

ஏப்ரல் 2

ஊசி தொடங்கி ஆறாவது வாரம். எழுந்ததும் நானே தலை பின்னினேன். இரண்டு வருடத்துக்குப் பிறகு. அம்மா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, பசிதான் வந்தது.

மே 27

மூன்றாவது வாரமாக மாலைக் காய்ச்சல். இருமல். சட்டை தொளதொளக்கிறது.

ஜூன் 11

என் சளியை நானே சாயம் ஏற்றி நுணுக்குக்காட்டியில் வைத்தேன். நீலத் தரையில் சிவப்புக் குச்சிகள், காசநோய்க் கிருமிகள். எண்ணத் தேவையே இல்லை, அவ்வளவு இருந்தன. பக்கத்து மேசை ஸிபானைக் கூப்பிட்டேன். குனிந்து பார்த்துவிட்டு, "இது யாருட சாம்பிள்?" என்றான்.

"என்னோடது."

அவன் கதிரையை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னான். நான் உட்காரவில்லை. கை கழுவினேன். இன்னும் நான்கு மாதிரிகள் இருந்தன. அவற்றை அவன் வாங்கிக்கொண்டான்.

ஜூன் 13

முகக்கவசத்தோடு முன் கதவருகே உட்கார்ந்திருந்தேன். அம்மா ஆறடி தள்ளி. அவளாகவேதான் சொன்னாள்.

"ஒனக்கு அப்ப நாலு வயசு சிந்து. எனக்குச் சளியில ரத்தம் வந்துச்சு. எட்டு மாசம் மருந்து குடிச்சேன். நெஞ்சு வலின்னுதான் தோட்டத்து லயத்துல, அடுத்த வீட்டுக்காரங்ககிட்ட சொன்னது. தெரிஞ்சா தண்ணி புடிக்கிற பீலிப் பக்கமே விட மாட்டாங்க. நீ என் பக்கத்துலதான் படுத்திருந்த."

"டாக்டர் கேட்டாரே?"

"மாப்பிள்ள இருந்தாரு."

அவ்வளவுதான் காரணம். மாப்பிள்ள இருந்தாராம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும் — வெளிய வந்து என் காதுலயாவது சொல்லியிருக்கலாம்தானே? கேட்கவில்லை. எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

ஜூன் 19

ஊசி நிறுத்தம். காசநோய் மருந்து, ஆறு மாதம். மருந்தால் சிறுநீர் செம்மஞ்சள்.

ஜூலை 4

வீட்டார் எல்லோரையும் நெஞ்சு நோய்க் கிளினிக்கில் சோதித்தார்கள். அவருக்கு ஒன்றும் இல்லை. அம்மாவின் எக்ஸ்ரேயில் பழைய தழும்பு. தாதி அதைச் சத்தமாகவே வாசித்தாள். அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

ஜனார்த்தனன் அந்த எக்ஸ்ரேயை வாங்கிப் பார்த்தார். பிறகு, "அத்தை, மொதல்லயே சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு நெனச்சீங்க?" என்றார்.

அவர் போய் மூன்று பிளேன்டீ வாங்கிவந்தார்.

ஆகஸ்ட் 9

கோபம் வரும் என்று காத்திருக்கிறேன். வரவில்லை. அம்மா கேட்பதற்கு ஓம், இல்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அவள் சோறு வைக்கிறாள். சாப்பிடுகிறேன்.

செப்டெம்பர் 22

விரல்கள் மறுபடி இறுகுகின்றன. ஆய்வுகூடத்தில் என்னைப் பதிவு மேசைக்கு மாற்றிவிட்டார்கள்.

இன்று பஸ்ஸில் இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். முப்பது வருடம் என் நெஞ்சுக்குள் அந்தக் கிருமியைச் சுவர் கட்டி அடைத்து வைத்ததும் இதே உதவிக் கலங்கள் கொடுத்த கட்டளைதான். அதே வகைக் கலங்கள்தான் மூட்டையும் அரித்தன. ஊசிக்கு நல்லது எது, கெட்டது எது என்று தெரியாது. விரல் திறந்தது, சுவரும் திறந்தது. குண்டசாலைச் சந்தியில் இறங்க மறந்து அடுத்த தரிப்பிடத்தில் இறங்கினேன்.

டிசம்பர் 20

மருந்து முடிந்தது. சளியில் கிருமி இல்லை. மூட்டுக்கு வேறு மருந்து பார்க்கலாம் என்கிறார் டாக்டர். சரி என்றேன்.

2025 ஜனவரி 18

அம்மா விடியக் குளித்து, நல்ல சேலை உடுத்தி வாசலில் நின்றாள். நாங்கள் முன்பு இருந்த தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறாளாம். அவள் அங்கே போய் ஐந்து வருடம் இருக்கும்.

"எதுக்கு அத்தை, இந்த நேரத்துல?" என்றார் ஜனார்த்தனன்.

"லயத்துல நாங்க இருந்த காம்பராவுக்கு அடுத்த காம்பரா வீரய்யா பொஞ்சாதி சரசு, ரெண்டு மாசமா இருமுறாளாம். ரத்தத்துல சீனி கூடுற வருத்தமும் இருக்கு. வெத்தல போடுறதால வர்ற இருமல்னு சொல்லிக்கிட்டுத் திரியிறாளாம். எனக்கு வந்தது என்னன்னு சொல்லி, கையோட கிளினிக்குக் கூட்டிக்கிட்டுப் போகணும்."

"லயம் முழுக்கத் தெரிஞ்சிடுமே."

"தெரியட்டும்."

அவர் முச்சக்கர வண்டியைக் கூப்பிட வெளியே போனார். அம்மா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். வலது காலில் வார் ஏறவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"மேல தோட்டத்துல மழையா இருக்கும். குடையை எடுத்துட்டுப் போம்மா" என்றேன்.

ஜூனுக்குப் பிறகு நானாக அவளிடம் பேசியது இதுதான். அவள் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குடையை எடுத்துக்கொண்டு போனாள்.