செல்லம்மாவின் ஊர்

ஜூன் 14, ஞாயிறு
இன்று சொல்லாமல் விட்டது: செல்லம்மாவின் ஊர் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும்.

சென்னை. கொளுத்தும் வெயில். மனநல மருத்துவமனை. அக்காவுக்குக் குணமாகிவிட்டதாம், அழைத்துப் போகலாமாம். மரத்தடியில் அவளுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள் பக்கத்துக் கட்டில் செல்லம்மா. நான் கொண்டுபோன அதிரசத்தில் முதல் விள்ளலை அக்கா செல்லம்மாவுக்கு ஊட்டினாள். எனக்கு, "இன்னா பாப்பா, எளச்சிக்கினே வர்றே?" அவ்வளவுதான்.

உளுந்தூர்பேட்டை பஸ் ஸ்டாண்டில் போலீஸ் கண்டெடுத்தவள் செல்லம்மா. அதனால் சொந்தங்களை அங்கேயே தேடி ஓய்ந்துவிட்டார்கள். ஊர்ப்பெயர் அவளுக்கு நினைவில்லை. கடுக்காய் பொறுக்கியது, சாமைக் கஞ்சி, மலைச் சந்தை. இதையே சொல்கிறாள். எங்கள் கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கல்வராயன் மலை, வேறென்ன? வாயை மூடிக்கொண்டேன்.

ஜூன் 16, செவ்வாய்
புழுக்கம். அக்காவிடமிருந்து போன். "செல்லம்மாக்காவ உட்டுட்டு நான் எப்பிடி வர்றது? அதுக்கு யாரு இருக்காங்க?"

எனக்கு யார் இருக்கிறார்கள் என்று அவள் கேட்கவில்லை.

பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளின் வரலாறு நிறையப் படித்திருக்கிறேன். சங்கிலி, பூட்டிய அறை, குணமான பிறகும் அழைத்துப்போக ஆள் வராமல் அங்கேயே கிழடானவர்கள். பேன் பார்க்கும் விரல்கள் அந்தப் புத்தகங்களின் எந்தப் பக்கத்திலும் இல்லை.

முடிவு: செல்லம்மாவை ஊருக்கு அனுப்பிவிட வேண்டும். பிறகு அக்கா என்னோடு வருவாள். நல்ல காரியம்தான். காரணத்தை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

ஜூன் 19, வெள்ளி
கல்வராயன் மலையில் வெள்ளிமலை. மேலே குளிர்காற்று. செல்போனில் அக்காவும் செல்லம்மாவும் சேர்ந்த படம். அக்காவை விரலால் மறைத்துக்கொண்டு கடைகடையாகக் காட்டினேன். ஐந்தாவது டீக்கடையில், "அட, நம்ம கோவிந்தன் தங்கச்சி!"

கோவிந்தன் அழுதார். "தேடாத எடமில்லீங்க. கருமாதி கூட பண்ணிட்டோம்."

அவர் மனைவி: "அழுதுகினே நிக்காத. சட்டையப் போடு, போய்க் கூட்டிக்கினு வா."

இறங்கும் பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தேன். அவர்களுக்காக இல்லை.

ஜூன் 26, வெள்ளி
ஆஸ்பத்திரியில் தங்கைக்காகக் கோவிந்தன் கையெழுத்திட்டார். அக்கா தனக்குத் தானே. மாத்திரையைக் கள்ளக்குறிச்சியிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்றார் டாக்டர்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்ட். எங்கள் ஊருக்குப் போகும் பஸ்ஸைக் காட்டினேன். அக்கா என் கையைப் பிடித்தாள். "நீ போ பாப்பா. கொஞ்ச நாளு நான் அதுங்கூட மேல இருக்கேன். நீதான அது வூட்டக் கண்டுபுடிச்சே, ஆயிசுக்கும் மறக்க மாட்டேன்."

மூவரும் வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினார்கள். நான் வீட்டுக்கு வந்தேன்.